அஞ்சாவது சண்டையில் வருகிற வெள்ளைச் சேலைக்காரி

போன வாரம் ஒரு மத்தியானம் வீட்டில் பிளாஸ்டிக் சூடாகிற வாசனை வந்தது. இதற்கெல்லாம் முதலில் ஓடுகிற ஆள் நான்தான். கேஸ் அடுப்பைப் பார்த்தேன், மிக்ஸியைப் பார்த்தேன், சந்தேகமாக இருக்கவே திரும்பவும் கேஸ் அடுப்பைப் பார்த்தேன். கடைசியில்தான் மகள் படுத்திருந்த கட்டிலுக்கு வந்தேன். சார்ஜர் தலையணைக்கு அடியில் கிடந்து வெந்துகொண்டிருந்தது. அவள் பாட்டுக்குப் போனில் யாரோ ஒருவன் கத்திக் கத்திப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு சண்டை விளையாட்டில் ஒளிந்திருக்கும் ஆட்களையெல்லாம் எப்படி வெளியே வரவழைப்பது என்று சொல்லித் தருகிறானாம்.

"எட்டு நிமிஷத்துல இருபது சீக்ரெட்மா!" என்றாள் பெருமையாக.

சார்ஜரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திட்டினேன். பிறகு, அதிகமாகத் திட்டிவிட்டோமோ என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அதற்கும் பிறகுதான், நான் கோபப்பட்டது அவள்மேல் இல்லை என்பது புரிந்தது.

அந்த வாசனை எனக்கு முன்பே தெரியும். 2005ஆம் வருஷ மே லீவு. எனக்குப் பத்து வயது. லீவு விட்டதும் என்னைத் திண்டிவனத்தில் பஸ் ஏற்றி மரக்காணத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மே மாதம் உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கும். பெரியப்பாவும் பெரியம்மாவும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். வெயில் தாங்காத நேரத்துக்குத் திரும்பி வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுக் கூடத்திலேயே படுத்துவிடுவார்கள். ஆகவே எங்கள் டிவி கேமுக்கு இரண்டு ஷிப்ட் உண்டு. காலையில் சத்தத்தோடு, மத்தியானம் சத்தமில்லாமல். பெரியப்பாவின் குறட்டைக்கும் பெரியம்மாவின் காலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, குத்துக்கும் உதைக்கும் நாங்களே உதட்டுக்குள் "டிஷ், டிஷ்" போட்டுக்கொள்வோம். ஊமைச் சண்டை பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு மாசம் பார்த்திருக்கிறேன்.

கேம் பெட்டி பெரியம்மா மகன் செல்வம் அண்ணனுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆட்டங்கள் எல்லாம் கேசட்டில் வரும். சண்டை கேசட்டில் மொத்தம் எட்டுப் பேர். அவர்களுடைய நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாது. தொப்பிக்காரன், தொப்பைக்காரன், நெருப்புக்காரன் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பெண் ஒருத்திதான், ஜடைக்காரி. அவளை எடுத்தால் தோற்றுப் போவோம் என்று அண்ணன் எடுக்கவே விடமாட்டான்.

எடுக்க விடுவது இருக்கட்டும், ஆடவே விடமாட்டான். அதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தான்.

"ஒரு சீக்ரெட் கொண்டா, ஒரு ஆட்டம் ஆடு. சும்மாலாம் ரிமோட்டத் தர முடியாது, பாப்பா."

தெருவில் எல்லாப் பிள்ளைகளும் இதை ஏதோ ரேஷன் கடை விதி மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். ஒருவன் வந்து, "கீழ, முன்னாடி, குத்து, மூணையும் சேத்து அழுத்துனா நெருப்பு வருது" என்பான். நிஜமாகவே வரும். இன்னொருவன், தொப்பைக்காரனை இடது மூலையில் உட்கார்ந்தபடி உதைத்துக்கொண்டே இருந்தால் அவனால் நம்மைத் தொட முடியாது என்பான். அதுவும் சரியாக இருக்கும். திண்டிவனத்திலிருந்து வந்த நான் மட்டும் கையை வீசிக்கொண்டு நிற்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு.

எதிர்வீட்டு ஸ்டெல்லா என்மேல் பரிதாபப்பட்டு, பாண்டியில் பிரவுசிங் சென்டர் போகிற தன் சித்தப்பா மூலம் ஒரு தாள் நிறைய சீக்ரெட் எழுதி வாங்கித் தந்தாள். எல்லாம் ஏ, பி, சி என்று பட்டன் பெயர் போட்டு இருந்தது. எங்கள் ரிமோட்டில் ஏ, பி இரண்டுதான். சி கிடையவே கிடையாது. அது வேறு ஏதோ பெட்டிக்கு எழுதியது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அண்ணன் தாளை வாங்கி, நீதிபதி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"'சி'ன்னா, ஏவும் பியும் சேத்து அமுக்கணும். அவ்ளோதான்."

மூன்று நாள் சேர்த்து அமுக்கினோம். உப்புக் கையோடு தொட்டுத் தொட்டு ஏற்கெனவே இறுகிப்போயிருந்த பட்டன், ஒன்று உள்ளேயே போய்விட்டது. அதை ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு, "உன் சீக்ரெட்டால ரிமோட்டே பூடும் போலக்குது" என்றான்.

அந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன். நான் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது என் பெயரையும் சேர்த்து எழுதியவள். ஆனால் அன்று வாய் திறந்ததும் தானாக வந்தது.

"அஞ்சாவது சண்டையில ஸ்டார்ட்ட அமுக்கி அப்படியே நிறுத்தணும். காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் பெட்டிய அணைக்கவே கூடாது. அப்ப வெள்ளைச் சேலை கட்டின ஒருத்தி வருவா. முட்டி வரைக்கும் முடி. அவள யாராலயும் அடிக்க முடியாது."

அண்ணன் என்னையே பார்த்தான். "யார் சொன்னா?"

"எங்க ஸ்கூல்ல ஒரு அக்கா."

பாருங்கள், அந்த வயதிலேயே எவ்வளவு ஜாக்கிரதை எனக்கு. மே மாதத்தில் அங்கே மத்தியானம் ஒரு தடவையாவது கரண்ட் போகும். ஒரு நிமிஷம் போனாலும் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கிவிடும். ஆகவே என் பொய்யை யாராலும் சோதிக்க முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் சாயங்காலம் வரை என்று சொன்னேன். எனக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. ஜடைக்காரியை எடுத்தேன். அரை நிமிஷத்தில் தோற்றேன். சாயங்காலத்துக்குள், அந்த சீக்ரெட்டைக் கண்டுபிடித்தவன் தான்தான் என்று அண்ணன் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தான்.

மறுநாள் காலை அஞ்சாவது சண்டை வரை ஆடி, ஸ்டார்ட்டை அமுக்கி நிறுத்தினான். அப்பா அம்மா வருவதற்குள் டிவியை அணைத்துவிட்டு, பெட்டியின் சிவப்பு லைட் தெரியாமல் இருக்க, அடாப்டரையும் சேர்த்து மேலே துண்டை நாலாக மடித்துப் போட்டான். எனக்குக் கவலையே இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை. ஒரு மணி, இரண்டு மணி. மின்விசிறி ஜோராகச் சுற்றியது. அந்த ஒரு மாசத்தில் கரண்ட் போகாத ஒரே நாள் அதுதான்.

மூன்று மணிக்கு அந்த வாசனை வந்தது.

சொல்லியிருக்கலாம். "அண்ணா, எடுத்துடு, நான் சொன்னது பொய்" என்ற ஒரே வரிதான். எழுந்து போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். துண்டிலிருந்து புகை வந்தபோது பெரியப்பா இருமிக்கொண்டு எழுந்தார். அடாப்டர் உருகி, பெட்டியும் செத்திருந்தது. துண்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை.

"ஊடு எரிஞ்சிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப? எவன்டா சொன்னான் உனக்கு?"

அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நானே கண்டுபிடிச்சேன்" என்றான். அவனால் வேறென்ன சொல்ல முடியும், அதைத்தானே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பெல்ட்டால் அடி விழுந்தது. மறுநாளிலிருந்து லீவு முடிகிறவரை அவனும் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போனான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, நடக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பான். நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைப்பேன். அவ்வளவுதான் செய்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிற்பாடு அவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியபோது, அதற்கும் நான்தான் காரணமோ என்று எத்தனையோ நாள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அந்தச் சார்ஜரைப் பிடுங்கிய அன்றைக்கே, இருபது வருஷம் போதும் என்று முடிவு செய்து அவனுக்குப் போன் போட்டேன். கீழ்புத்துப்பட்டில் மெயின் ரோட்டிலேயே மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணா, அன்னைக்கு உன் கேம் பெட்டி போச்சே, அது என்னாலதான். அந்த வெள்ளைச் சேலைக்காரிய நான்தான் கட்டிவுட்டேன். மன்னிச்சிடு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "இன்னா பாப்பா சொல்ற? அவ வந்தாளே."

"யாரு வந்தா?"

"அவதான். நீ தண்ணி குடிக்கப் போன பாரு, அப்ப டிவியப் போட்டுப் பாத்தேன். நடுவுல நின்னுட்டிருந்தா. கையில உப்பு வார்ற பலகை."

"பலகைன்னு நான் சொல்லவே இல்லண்ணா!"

"நீ பாத்திருந்தாத்தான சொல்லுவ?"

"அப்படி ஒருத்தி அந்த கேசட்லயே கிடையாது. நான் சும்மா சொன்னேன். எனக்கு ஒரு ஆட்டம் வேணும்னு சொன்னேன்."

"நீ சும்மாதான் சொல்லியிருப்ப. ஆனா அவ இருந்தா. அவ்ளோ அடி வாங்குனேனே, அழுதனா நானு? ஏன்னு நெனைக்கிற? பாத்துட்டேன்ல. இப்ப வந்து பொய்ன்றியே, பாப்பா."

அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? நான் ஜெயித்தால், அந்த அடி வெறும் அடியாகிவிடும். தோற்றால், இருபது வருஷமாகச் சுமந்த தப்பு வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் என்னிடமே நின்றுவிடும். பாதம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எந்தப் பாதம் என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. அந்தப் பெட்டியைப் பெரியப்பா அந்த மாசமே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். சண்டை கேசட்டை ஸ்டெல்லாவின் தம்பி வாங்கிப்போய் எங்கேயோ தொலைத்தான். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கூடமே இடிபட்டுப் போனது. பெரியப்பாவும் இல்லை. நிறுத்தி வைத்த அந்தத் திரையை அன்றைக்குக் கடைசியாகப் பார்த்தவன் இந்த உலகத்தில் செல்வம் அண்ணன் ஒருவன்தான். அவனோ, தன் பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணுகிறேன் என்கிறான்.