தக்கையில் வைத்த பொட்டு

இன்றும் ஆயுத பூஜையன்று என் வீட்டில் எந்தப் பொருளுக்கும் குங்குமம் வைக்க விடமாட்டேன். பெண்ணுக்குப் படிப்பு அதிகமானால் இப்படித்தான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் மண் போட்டு மூடிய ஒரு கிணறு கண்முன் வந்து நிற்கிறது.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. ஓசூரில் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஊரார் எனக்கு வைத்த பெயர் டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா. தண்ணீரில் அணுவளவே கலந்திருக்கும் உலோகங்களைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வாங்கிக்கொள்ள எங்களுக்கு அனுமதி வந்தது. போட்டியில் இருந்தவை இரண்டு. ஒன்று ஸ்பெக்ட்ரோகிராஃப், பொருளை எரித்து, அந்த ஒளியைப் படம் பிடித்து, உள்ளே என்ன உலோகம் என்று சொல்லும். மற்றது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அணுக்களைக் காந்தத்தின் வழியே ஓடவிட்டு எடைவாரியாகப் பிரித்துவிடும். பின்னதன் விலையைக் கேட்டதும் எங்கள் குமாஸ்தா ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். எங்கள் தலைமை அதிகாரிக்கோ அதன்மேல்தான் கண்.

ஒரே தண்ணீரை இரண்டு கம்பெனிக்கும் அனுப்புவது, எது அதிகம் கண்டுபிடிக்கிறதோ அதை வாங்குவது என்று முடிவாயிற்று. அப்போது பாகலூர் பக்கத்துச் சேரியில் ஒரு பையன் வயிற்றுவலியில் இறந்திருந்தான். என்ன நோயென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் போனேன். இறைத்துக் கொடுத்தது பையனின் தாய். குடத்தை என் பாத்திரத்தில் சாய்த்தபடி கேட்டாள்.

“தண்ணியில என்னா இருக்குதுன்னு எனக்கும் சொல்லுவியாம்மா? எம்புள்ளைக்கு இதத்தான் குடுத்தேன்.”

சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

தண்ணீரை வற்றவைத்து, மிஞ்சிய உப்பை மூன்று கண்ணாடிக் குழாய்களில் போட்டுத் தக்கையால் அடைத்தேன். இரண்டு கம்பெனிகளுக்கு, ஒன்று எங்கள் அலமாரிக்கு. ஸ்பெக்ட்ரோகிராஃப் கம்பெனிக்கான முதல் குழாய் உடனே தபாலில் போயிற்று. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கம்பெனிக்காக வெளிநாடு போகவேண்டிய இரண்டாவது குழாய் கிளம்புவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. தராசு, அடுப்பு, நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். தலைமை அதிகாரி அந்தக் குழாயின் தக்கையிலும் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, “ஜெயிச்சுட்டு வாப்பா” என்று அதனிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

ஜெயித்துத்தான் வந்தது. ஸ்பெக்ட்ரோகிராஃப் ஈயம் இல்லை என்றது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது என்றது. சின்னதின் கண்ணுக்குத் தப்பியது பெரியதின் கண்ணுக்கு அகப்பட்டிருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் ஒரே சந்தோஷம். பெரிய கருவிக்கு ஆர்டர் போயிற்று. கிணற்றில் விஷம் என்ற பேச்சு தாலுகா அலுவலகம்வரை போய், வண்டி வண்டியாக மண் கொட்டிக் கிணற்றை மூடினார்கள். அதன்பிறகு சேரிக்காரர்கள் பண்ணைக் கிணற்றுக்குப் போய், தொடக்கூடாது என்று தள்ளி நின்று, யாராவது இறைத்து ஊற்றும்வரை வெயிலில் காய்ந்தார்கள். கிணறு மூடிய அன்று அந்தத் தாய் அழவில்லை. தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவி வந்து சேர்ந்ததும், பழகிப் பார்ப்பதற்காக அலமாரியில் இருந்த மூன்றாவது குழாயின் உப்பை அதில் வைத்தேன். ஈயம் இல்லை. மறுபடி வைத்தேன். இல்லை. கருவியோடு கம்பெனி திருப்பி அனுப்பியிருந்த இரண்டாவது குழாயைத் தேடி எடுத்தேன். தக்கையின் மேலே இருந்த சிவப்பு ஓரம் வழியாக அடிப்பக்கம்வரை இறங்கியிருந்தது. பூஜைத் தட்டின் குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து வைத்தபோது கருவி வரைந்த காகிதத்தில் ஈயத்தின் கோடு மலையாக எழுந்தது. நிறம் தூக்கலாக இருக்க, கடைக்காரர்கள் ஈயச் செந்தூரம் கலப்பார்களாம். இரண்டு கருவியும் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. ஈயம் கிணற்றில் இல்லை, பொட்டில்தான் இருந்தது என்று தலைமை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

“இதை வெளியில் சொல்லாதேம்மா” என்றார் தலைமை அதிகாரி. “பொட்டுக்கா இவ்வளவு விலை கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த பாகலூர் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தத் தாய் குடிசை வாசலில் இருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தண்ணீரில் ஒன்றுமே இல்லை, தப்பு எங்கள் பக்கம், பையன் செத்தது அதனால் அல்ல என்று ஒரே மூச்சில் சொன்னேன். என்னை உற்றுப் பார்த்தாள்.

“பின்ன எதுக்கும்மா மூடுனீங்க?”

கேட்டுவிட்டு உள்ளே போனவள் துணி அடைத்த ஒரு பாட்டிலோடு வந்தாள். பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது.

“மூடுறதுக்கு முந்தி எடுத்து வெச்சேன். எங்கையாலயே அவனக் கொன்னுட்டேன்னு நெனச்சேன். என்னிக்காச்சும் முடியாமப் போனா இத்தக் குடிச்சிட்டு அவங்கிட்டயே போயிடலாம்னு.” துணியைப் பிடுங்கி பாட்டிலை நீட்டினாள். “நெசந்தான்னா நீ குடி, பாக்கலாம்.”

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டார் சேரியில் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். வாங்கிக் குடித்தேன். நாள்பட்ட தண்ணீர், துணி வாடை அடித்தது. என் தொண்டையில் அது இறங்குவதையும், பிறகு என் முகத்தையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம்தான் மகனைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள்.