நாத்தனாரின் குழந்தை

மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை என்று மருத்துவமனையிலிருந்து சொன்ன அதே வாரத்தில், என் நாத்தனார் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கணவர் சொன்னார். கொல்கத்தாவில் நாங்கள் லேக் கார்டன்ஸில், அவள் பக்கத்திலேயே டாக்குரியாவில். நடந்தே போய்விடலாம். நான் போகவில்லை.

குழந்தைக்காக நான் காபியைக்கூட விட்டவள். அவளோ கல்யாணங்கள், விழாக்கள் நடத்தித் தரும் வேலையில் தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட ஆரம்பித்து, கிரிஸ்டல் என்கிற போதை மருந்து வரை போயிருந்தாள். அதனாலேயே மாதவிலக்கு தாறுமாறாகி, கர்ப்பம் என்று தெரியவே நாலு மாதம் ஆகியிருந்தது. அவள் கணவர் கப்பலில். டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. அந்த மருந்து ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும், குறைப்பிரசவம் ஆகலாம் என்றார். இந்த நிலையில் கரு தங்கியதே அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும், "அண்ணி, எம்மேல கோபமா?" என்று கேட்டாள்.

"கோபம் இல்லை. வயித்தெரிச்சல்."



அவள் போதையை விட்டாள், மறுபடி தொட்டாள், மறுபடி விட்டாள். துர்கா பூஜைக்குப் பந்தல் போடும் சமயத்தில் ரத்த அழுத்தம் ஏறி, ரத்தப்போக்கு கண்டு, அவசரமாக அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். மாதம் நிறையாத, எடையில்லாத குழந்தை. எழுப்பினால்தான் கண் திறக்கும். திறந்தால் கை கால் நடுங்கும், மெல்லிய குரலில் வீறிடும். பால் உறிஞ்சத் தெரியவில்லை.

நாத்தனார் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தாள். குழந்தை என்னிடம் வந்தது. வெளிச்சம் படாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, துணியில் இறுகச் சுற்றி, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். குளிர் வந்தபோது நடுக்கம் நின்று, பாட்டிலில் குடிக்கத் தொடங்கினாள். அவள் அம்மா திரும்பி வரவே கூடாது என்று நினைத்தேன்.

வந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. வாசலிலேயே நின்று, "அண்ணி, நான் தூக்கலாமா?" என்றாள்.

"உன் பொண்ணுதானே," என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வளர்ச்சியைச் சில வருடங்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். நாத்தனார் இதுவரை மறுபடி போதையைத் தொடவில்லை. தினமும் மாலையில் டாக்குரியாவுக்குப் போகிறேன். குழந்தை அவளைப் பார்த்துச் சிரிக்கும்போது, டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விடுகிறேன்.