தனலட்சுமி மேடம் கேட்ட காரணம்

தனலட்சுமி மேடம் தவறிப்போய்விட்டார் என்ற செய்தி அமெரிக்காவில் எங்கள் வெஸ்ட் வின்ட்சர் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். "நமக்கெல்லாம் நல்ல ஏரியால வீடு காட்டின ஏஜென்ட்" என்று ஒருவர் எழுத, வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். 'நல்ல ஏரியா' என்று யாராவது வாயெடுத்தாலே மேடத்துக்குப் பிடிக்காது.

முதல் வீடு தேடியபோது நானும் அதைத்தான் கேட்டேன். "பேஸ்மென்ட்ல தண்ணி ஏறுமா, ஸ்கூல் பஸ் எங்க நிக்கும்னு கேளுங்க, சொல்றனுங்க. பக்கத்துல யாரு இருக்காங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் ஈரோட்டுக்காரரான மேடம்.

வாங்கிய வீட்டின் பழைய பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: வேலைக்காரர் தவிர, வெள்ளையர் அல்லாத எவரும் இங்கே குடியிருக்கக் கூடாது. இப்போது சட்டப்படி செல்லாத வரிதான். இருந்தும் மேடம் என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து, அங்கே வங்கிகள் கடனே கொடுக்காத கதையையும் அன்றுதான் சொன்னார். "அவங்க கோர்ட்டுக்குப் போயி, அடிபட்டு இதையெல்லாம் மாத்துனாங்க. நாம நோகாம வந்து உக்காந்துட்டோம்." நான் தலையாட்டிவிட்டு, அந்த வரியைப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு வேடிக்கையாக அனுப்பினேன்.

இனி சொல்வது அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வீட்டை விற்க மேடத்திடமே போனேன். வந்தவர்களில் அதிக விலை சொன்னவர்கள் ஒரு கறுப்பினத் தம்பதி. கணவர் நர்ஸ், மனைவி பள்ளி ஆசிரியை. கடன் தருவதாக வங்கி கொடுத்த கடிதத்தையும் காட்டியிருந்தார்கள். அன்று மாலையே அடுத்த தெரு நண்பன் அழைத்தான். "டேய், தெருவுல எல்லாம் நம்ம ஆளுங்க. பாத்து பண்ணு."

பார்த்துத்தான் பண்ணினேன். "அவங்களுக்கு லோன் கைக்கு வருமான்னு டவுட்டா இருக்கு மேடம்" என்றேன்.

மேடம் கடன் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும். "ஏன் வேண்டாம்னு அவங்களுக்கு நான் சொல்லோணுமில்லீங்க? காரணத்த நீங்களே எழுதிக் குடுங்க."

பேனாவைத் திறந்தவன், எதையும் எழுதாமல் மூடி வைத்தேன். "அப்ப வேற ஏஜென்ட் பாத்துக்குங்க" என்று எழுந்து போனார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். வேறு ஏஜென்ட் மூலம், குறைந்த விலைக்கு, நம்மவர் ஒருவருக்கே விற்றேன். அதன்பிறகு கோயிலில் எதிர்ப்பட்டாலும் மேடம் என்னிடம் பேசியதில்லை. த்தூ, என்ன ஜென்மம் நான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள்தான். இன்று காலை அதில் எழுதினேன்: "அவர்கள் கறுப்பர்கள் என்பதால்." கீழே கையெழுத்தும் போட்டேன். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.