டர்போ ஆறும் நேரம்

என் மகனின் கார் இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. விற்றுவிடச் சொல்லி எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். "பாக்கப் பாக்க மனசு கஷ்டமா இருக்கும்ல, யாருக்காச்சும் குடுத்துருங்க" என்பார்கள். யாருக்குக் கஷ்டம்? காபியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். கேட்டைத் தாண்டிவிட்டால் அவர்களுக்குக் காரும் இல்லை, என் மகனும் இல்லை.

அது பழைய ஜெர்மன் கார். வேகத்துக்கென்றே செய்தது. டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின். கோயம்புத்தூரில் இரண்டு பேர் ஓட்டிக் கழித்ததை வாங்கிக்கொண்டு வந்தான். இந்தக் காசுக்குப் புதுக் காரே வாங்கியிருக்கலாமே என்று திட்டினேன். "புதுக் காரு ஓடும்மா. இது பறக்கும்" என்றான். காரைக்குடியில் எங்கே பறப்பது? ஞாயிற்றுக்கிழமை திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிவருவான். அவ்வளவுதான் அவன் பறந்தது.

தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்கும். அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். நான் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் கேட்டைத் திறப்பேன். உள்ளே விட்ட பிறகும் எஞ்சினை அணைக்க மாட்டான். வேகமாக ஓட்டிவந்த வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் டர்போ கெட்டுவிடுமாம், சூடு இறங்கும்வரை சும்மா ஓடவிட வேண்டுமாம். "டர்போ ஆறணும்மா, கொஞ்சம் இரு" என்பான். நான் ஜன்னல் ஓரத்தில் நிற்பேன். அவன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி ஏதாவது சொல்லுவான். ஆபீசில் எவன் காலை வாரினான், எந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, எதற்கு இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், எல்லாம் அங்கேதான் வெளியே வரும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் போனைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவான். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு அவன் பேசிய நேரம்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். திரும்பக் கொண்டுவந்தோம். இதற்குமேல் அதைப்பற்றி எழுத மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் பழம்பொருள் கடை. செட்டிநாட்டு வீடுகளை இடிக்கிறபோது வருகிற கதவு, தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, கண்ணாடிப் படம் எல்லாம் வாங்கி விற்கிறவர். கார் ஓட்டத் தெரிந்தும் ஆயுசு முழுக்க ஸ்கூட்டரிலேயே போனவர். மகன் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினார். போய்த் திரும்பி வந்தார். கேட்டுக்குள் விட்டார். அணைக்கவில்லை.

நான் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "நேத்து கடையில ஒருத்தி வந்தா. உடைஞ்ச ஜாடிக்கு மூடி மட்டும் வேணுமாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு முதல் சிரிப்பு. அழுகையும் கூடவே வந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் மனசுவிட்டுப் பேசிக்கொள்வது வாரத்தில் அந்த நேரம் மட்டும்தான். வீட்டுக்குள் பேச எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவன் சட்டையைப் பீரோவில் பார்த்தால் நான் ஒரு அறைக்கும் அவர் ஒரு அறைக்கும் போய்விடுவோம். ஜன்னல் ஓரத்தில் அப்படி இல்லை. அங்கே எஞ்சின் ஓடுகிறவரை அவன் இன்னும் இறங்கவில்லை என்கிற மாதிரி இருக்கும்.

அதனால்தான் ஒருநாள் காலை நான் போட்ட கோலத்தின் மேல் இளஞ்சிவப்பாக ஈரம் பரவிக் கிடந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். காருக்கு அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். "வாட்டர் பம்பு போச்சுக்கா. எஞ்சின் சூட்ட ஆத்துற கூலன்ட்டு ஒழுகுது. இப்படியே ஓட்டுனா எஞ்சின் காலி. மாத்தணும்."

"மாத்துங்க."

"கம்பெனி இந்த மாடலுக்குச் சாமான் விடுறத நிப்பாட்டிட்டானுகக்கா. வெளிக் கம்பெனி பம்பு புதுசாக் கிடைக்குது. உள்ள விசிறி பிளாஸ்டிக்குக்குப் பதிலா இரும்புல வரும். கம்பெனிச் சாமான்தான் வேணும்னா, எவனாவது பழைய ஸ்டாக்கு வச்சிருந்தாத்தான் உண்டு."

என் வீட்டுக்காரர் உடனே சொல்லிவிட்டார். "என் மகன் வண்டிக்கு டூப்ளிகேட் போட மாட்டேன்."

அவர் தேடினார். ஊர் ஊராகப் போன் போட்டுச் சென்னையில் ஒரு கடையில் பிடித்தார். பெட்டி பார்சலில் வந்தது. கடை மேசையில் வைத்துப் பிரித்தார். நானும் மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்தோம். அவர் கடை இருக்கிற பழம்பொருள் தெருவில் சாமானை எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே பார்த்தார். அட்டையைத் திருப்பினார், மோந்தார். ஒட்டியிருந்த சீட்டு மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது. பம்பை எடுத்து அடியில் வார்ப்பிலேயே விழுந்திருந்த முத்திரையை நகத்தால் தடவினார். அவர் முகம் மலர்ந்தது. ஒரு பழைய எனாமல் தூக்கின் அடியில் வெளிநாட்டு முத்திரையைக் கண்டுபிடித்தால் மலருமே, அந்த மலர்ச்சி.

"ஒரிஜினல். பாத்தவுடனே தெரியுது. எத்தனை வருசமாப் பிரிக்காமக் கிடந்துருக்கு பாரு."

எனக்கு அதுதான் உதைத்தது. அந்தத் தெருவில் புதுசு என்றால் போலி. நேற்றுச் செய்த பித்தளையைப் புளித்தண்ணீர் விட்டு மண்ணில் புதைத்துப் பழசாக்கி விற்கிற தெரு. அங்கே இருப்பவர்களுக்குப் பழசாய் இருப்பதே நல்ல சாமானுக்கு அடையாளம். எத்தனை காலம் சும்மா கிடந்ததோ அத்தனை மதிப்பு. ஆனால் பம்புக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல் இருக்கிறது. நான் புதுவயலில் பிறந்தவள். எங்கள் அப்பாவின் ரைஸ் மில்லில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு வாங்கிப் பரணில் போட்டுவைத்த சீல்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட ஓடாத சாமான், எடுத்தால் முறுக்கு மாதிரி கையில் ஒடியும்.

"ஏங்க, சீலு காஞ்சு போயிருக்கும். பெட்டிக்குள்ள கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும்ல. வெளிப் பம்பே நல்ல கம்பெனியாப் பாத்துப் போடுவோம்" என்றேன்.

"இந்தா, புதுவயல் எஞ்சினியர் அம்மா பேசுறாக. கேட்டுக்கங்கப்பா."

"நக்கல் பண்ணாதீக. பம்பு என்ன ஜாடியா, அலமாரியில வச்சுப் பாக்க? ஓடணும்."

"அவன் இருந்தா எதப் போட்டிருப்பான்? சொல்லு பாப்போம்."

அவன் இருந்தால் கம்பெனிச் சாமானைத்தான் போட்டிருப்பான். அப்பாவைப் போலத்தான் அவனும். மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "அண்ணே சொல்றதும் சரிதான், அக்கா சொல்றதும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா ரெண்டு பம்பையும் மாட்டுவீகளா?" என்று கத்தினேன். அவர் மேசையில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டார். காசு கொடுக்கிறவர் சொன்ன பம்பு மாட்டப்பட்டது.

வெளிச் சாமான் எல்லாம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலும் குப்பை கொட்டிக் கிடக்கிறது. கம்பெனிச் சாமான் இப்போது செய்ததாக இருந்தால் நானும் அதைத்தான் போடச் சொல்லியிருப்பேன். எப்போதோ செய்து மூடிவைத்ததைப் போடாதீர்கள். இந்த மாதிரி பழைய கார் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், உங்களுக்கு ஆகிற உபயோகம் இது ஒன்றுதான்.

சில ஞாயிறுகள் நன்றாகத்தான் ஓடியது. அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "என்ன எஞ்சினியரம்மா?" என்பார். நானும் தோற்றுப்போனதாகச் சிரித்தேன். தோற்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு தேவகோட்டைக்குப் போனார். திரும்பி வரும்போது சூடு காட்டுகிற முள் ஏறியது. நான் பார்த்தேன். "முள்ளு ஏறுது, நிறுத்துங்க" என்றேன். ஓரம் பார்த்து மெதுவாகப் போனார். அதற்குள் முள் தானாகக் கீழே விழுந்தது. "எறங்கிருச்சு பாரு. நீ ஒண்ணு, எதுக்கெடுத்தாலும் பயப்படுவ" என்று மறுபடி மிதித்தார். சீல் ஒடிந்து கூலன்ட் மொத்தமும் ஒழுகிவிட்டால் முள்ளுக்கு அளக்க எதுவும் இல்லாமல் அதுவும் விழுந்துவிடும் என்று பிறகுதான் மெக்கானிக் சொன்னார். எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

உள்ளே இரும்பு இரும்பைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் புகை. வண்டி நின்றுவிட்டது.

அவர் இறங்கி முன்பக்கம் போய் நின்றார். திறக்கவில்லை. சுடும் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். நான் ஓடிப்போய் இழுத்தேன், எடுக்க மாட்டேன் என்றார். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரியே வைத்திருந்தார். 'சொன்னேன்ல' என்பது என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். சொல்லித் தீர்க்கிற தெம்பு எனக்கு இல்லை, அவ்வளவுதான். புதுவயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நெல் லாரிக்காரர் கயிறு கட்டிப் பட்டறை வரை இழுத்துக்கொண்டுவந்து விட்டார்.

"ஹெட்டு வளைஞ்சு, பிளாக்கும் வெடிச்சிருச்சுண்ணே. இந்த எஞ்சின் இனி தேறாது" என்றார் மெக்கானிக். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே அவசரமாகச் சொன்னார்: "டெல்லியில ஒரு எஞ்சின் இருக்கு. அடிபட்ட வண்டியில கழட்டுனது. இதே மாடல்தான், கம்பெனி எஞ்சின்தான்."

"போடுங்க" என்றார் இவர்.

"வேண்டாம்" என்றேன் நான்.

திரும்பி என்னைப் பார்த்தார். "நீதான சொன்ன, ஓடுனாச் சரின்னு?"

"பம்பு வேற. இது வேற."

"என்ன வேற?"

ஒரிஜினல் ஒரிஜினல் என்று உயிரை விட்ட மனுஷன் இப்போது எதையாவது போட்டு ஓட்டிவிட வேண்டும் என்று நிற்கிறார். ஓடினால் போதும் என்று கத்தின நான் எவனோ ஓட்டின எஞ்சின் வேண்டாம் என்கிறேன். அவன் கால் மிதித்தது இந்த எஞ்சினை. அவன் என்னோடு பேசியது இந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது. அதை எப்படிச் சொல்வது?

"ஞாயித்துக்கெழமை நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்தக் குரலுக்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை. போடச் சொல்லிவிட்டேன். பழைய எஞ்சின் எங்கள் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட இருவருக்கும் மனசு வரவில்லை.

வண்டி தயாராகி வீட்டுக்கு வந்த சாயங்காலம் நான் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அந்த உறுமல் கேட்டது. எப்போது எழுந்தேன் என்று தெரியாது, கை கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது.

அதே சத்தம். ஒரு பிசிறு மாற்றம் இல்லை. எவனோ டெல்லிக்காரன் ஓட்டிப்போய் எதிலோ மோதின எஞ்சின், என் மகன் வருகிற மாதிரியே வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை நாளாக அவன் வருகிறான், அவன் வருகிறான் என்று நான் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடியது, அந்தக் கம்பெனி செய்த எல்லா எஞ்சினும் போடுகிற சத்தத்துக்கு. அதில் அவன் எப்போதுமே இல்லை.

அவர் கேட்டுக்குள் விட்டார். அணைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"அதே சத்தம். கேட்டியா?"

"கேட்டேன்."

கடையில் யார் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டர்போ ஆறுவதற்கு வேண்டியதைவிட வெகுநேரம் ஓடியது. அவர் முன்கண்ணாடி வழியாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவன் இல்லை என்பதை அவரும் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"போதும், அணைங்க" என்றேன்.

அவர் கை சாவிக்குப் போனது. திருப்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் இரு" என்றார்.

நின்றேன்.