பிளேட்லெட் கூடவேண்டும் என்று ஜெபித்தோம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. எழுதவும் பெரிதாகத் தெரியாது. பாஸ்டரம்மா சொன்னதால்தான் துணிந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒக்டோபர் மழையில், மஹய்யாவையில் அடைத்துக்கொண்ட சாக்கடைக் கானைத் துப்புரவு செய்துவிட்டு வந்த என் கணவர் காய்ச்சலில் விழுந்தார். எலிக்காய்ச்சல். கிருமி இரத்தத்தில் பரவி, கண்டியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். கண்ணைத் திறக்கவில்லை. பிளேட்லெட் குறைந்துவிட்டது என்றார்கள். டெங்கு காலத்தில் எங்களுக்குப் பழகிய சொல் அது. அது கூடினால் ஆள் பிழைத்துவிடும் என்று நினைத்தோம். சபையே உபவாசமிருந்து அதற்காக மட்டும் ஜெபித்தது. விடிந்ததும் சபையிலிருந்து புஷ்பம் அக்காவின் போன் வரும்.

"இன்னைக்குக் கூடியிருக்கா?"

பிரிவுக்கு வெளியே, உட்காரும் மரவாங்கில் என்னோடு மடவளையிலிருந்து வந்த பரீதா இருப்பார். அவருடைய கணவருக்கும் அதே காய்ச்சல், பக்கத்துக் கட்டில். "லொத்தர் சீட்டு நம்பர் கேக்குற மாதிரியே கேக்குறாங்க, தங்கச்சி," என்பார். அந்த நாட்களில் நான் சிரித்தது அவரால்தான்.

ஒரு காலை உண்மையாகவே கூடியிருந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"பிளேட்லெட் ஏத்தினனாங்கள், அதுதான் கூடியிருக்கு. அது இரத்தத்தை உறைய வைக்கிறதுக்கு மட்டும் இல்லை, அம்மா. கிருமி வந்தா வெள்ளை அணுக்களைச் சண்டைக்குத் தூண்டி விடுறதிலயும் அதுக்குப் பங்கிருக்கு. இப்ப அந்தச் சண்டை ஓயுதில்லை. அவற்ர கிட்னியையும் நுரையீரலையும் சேர்த்து அடிக்குது."

"அப்ப நாங்க என்னத்துக்காக ஜெபிக்கிறது, டாக்டர்?"

"சண்டை அடங்கோணும் எண்டு கேளுங்கோ."

என் உள்ளம் உடைந்துவிட்டது. வாங்கிற்கு வந்து பரீதாவிடம் சொன்னேன். அவர் கையேந்தி துஆ கேட்டார். நான் கண்ணை மூடினேன். ஆண்டவரே, கூட்டித் தாரும் என்று இனிக் கேட்கமாட்டேன், அவருக்குள் நடக்கிற சண்டையை அடக்கும், பக்கத்துக் கட்டிலிலும் அடக்கும் என்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நிதானமானது. சிறுநீர் போனது. அதற்கும் அழுது ஸ்தோத்திரம் சொன்னேன். ஞாயிறு பகல் கண்ணைத் திறந்தார். "என் கம்பூட்ஸ் எங்க?" என்று, கானில் இறங்கப் போடும் சப்பாத்தைத்தான் கேட்டார்.

அதே பகல் பரீதாவின் கணவர் மவுத்தாகிவிட்டார்.

இருவருக்கும் ஒரே ஜெபம்தான் செய்தேன். ஏன் ஒருவர் மட்டும் பிழைத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததை மறைக்க முடியாது. இப்போது யாருக்காவது நோய் வருத்தம் என்றால் நான் இலக்கம் கேட்பதில்லை. பக்கத்தில் போய் இருக்கிறேன். நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். எதைக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் அவரிடம் போங்கள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் மடவளைக்கு பஸ் ஏறிப்போய்ப் பரீதாவின் பக்கத்தில் இருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். என் கணவர் அரைக் கோப்பை குடித்தார்.