காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டி

ராஜராஜேஸ்வரியின் பழைய ஸ்கூட்டர் நிற்பதென்றால் அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அய்யங்குளத் தெருவிலிருந்து அதுவரை சமர்த்தாக வரும். அங்கே வந்ததும் இரண்டு தும்மல், கொஞ்சம் கரும்புகை, அவ்வளவுதான். அதற்கப்புறம் செங்கம் சாலை விடுதி வரைக்கும் அவள்தான் தள்ள வேண்டும். விடிகாலையில் கிரிவலம் வருகிறவர்கள் இதுவும் ஒரு வேண்டுதல் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒதுங்கி வழிவிட்டார்களே தவிர, ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை.

அந்த விடுதியில் பதினைந்து வருஷமாகக் காலைச் சமையல் அவளுடையது. கணவர் குஞ்சிதபாதம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூஜை செய்து வந்தார். கார்த்திகைக் கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். தை பிறந்ததும் அவள் வேலைக்குத் திரும்பினாள். அன்றிலிருந்துதான் வண்டிக்கு இந்த வியாதி.

ஓசூரிலிருந்து மகன் ஸ்கந்தன் போனில் சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கிழமை வரேம்மா. அதைக் காயலான் கடைல போட்டுட்டு பேட்டரி வண்டி வாங்கித் தரேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கணவர் தொட்டுப் புழங்கிய பொருள்களில் இன்னும் சத்தம் போடுவது அந்த ஸ்கூட்டர் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் இருப்பதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும்.

செங்கம் சாலை மெக்கானிக் அர்ஜுனன் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தான். கரி பிடித்து ஈரமாக இருந்தது. "பெட்ரோல் ஜாஸ்தி போவுதும்மா. சோக் மாட்டிக்குது" என்றான். சோக் வயரை மாற்றினான், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். அவன் கடையில் வண்டி ஒரே உதையில் பறந்தது. மறுநாள் காலை மறுபடியும் அக்னி லிங்கம்.

அர்ஜுனனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தெனமும் எப்டி எடுப்பீங்களோ அப்டியே எடுங்கம்மா. நான் சும்மா பாக்கறேன்."

சீட்டுக்குக் கீழே இருந்த கறுப்புக் குமிழை வெளியே இழுத்தாள். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் விடும் சோக் அதுதான். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. அதை அப்படியே ஓடவிட்டு உள்ளே போய் கேஸை மூடினாள், பையை எடுத்தாள், கதவைப் பூட்டினாள், வந்து ஏறி உட்கார்ந்தாள்.

அர்ஜுனன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். "சோக்க உள்ள தள்ளலியே?"

"தள்ளணுமா?"

"என்னம்மா இப்டி கேக்கறீங்க? வண்டி சூடானதும் தள்ளிடணும். இல்லன்னா பெட்ரோல் போய்க்கினே இருக்கும், ப்ளக் நனஞ்சி நின்னுடும். மத்தியானம் சோக்கே வேணாம், அதான் கடைல நல்லா ஓடுது. இத்தினி வருசம் யாரு தள்ளனாங்க?"

அவள் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினைந்து வருஷமும் காலையில் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தது அவர்தான். அவர் இழுப்பதையும் உதைப்பதையும் அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்தப் பாதிதான் அவளுக்குத் தெரியும். அவள் பையைத் தேடுகிற நேரத்தில் அவர் சீட்டில் கையை வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

"தூண் மாதிரி நிக்கறேளே, வந்து கதவைப் பூட்டப்படாதா?" என்று எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறாள். அவர் சிரிப்பார். அங்கே தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"அவர்தான்" என்றாள்.

அர்ஜுனன் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான். "நீங்களே தள்ளுங்கம்மா" என்றான்.

தள்ளினாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த எஞ்சின் இறங்கி நிதானமாக ஓடத் தொடங்கியது. இத்தனை வருஷமும் வாசலுக்கு வரும்போது அவள் கேட்ட சத்தம் அதுதான். அழுகை வந்துவிட்டது. அர்ஜுனன் தன் டூல்ஸ் பையைக் கட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டான்.

சாயங்காலம் ஸ்கந்தன் கூப்பிட்டான். "வண்டி என்னாச்சும்மா?"

"நன்னா ஓடறதுடா. நாளைக்கு நீ மட்டும் வா."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முதலில் கதவைப் பூட்டினாள். அப்புறம்தான் சோக்கை இழுத்து வண்டியை உதைத்தாள். சத்தம் நிதானத்துக்கு வரும்வரை சீட்டில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். உள்ளேயிருந்து பையோடு வருவதற்கு யாரும் இல்லை.