இருபத்திரண்டு சாக்கும் இறங்கிவிட்டன

மாலை நான்கு நாற்பது. பிளாஸ்டிக் பொறுக்கச் செஞ்சிக் கோட்டை மலை ஏறிய இருபத்திரண்டு பேரும் இறங்கிவிட்டதாக எங்கள் சேவைச் சங்கச் செயலாளர் சொன்னார். ஆளுக்கொரு சாக்கு கொடுத்து, திரும்பி வரும் சாக்குகளை எண்ணுவதுதான் எங்கள் வழக்கம். அடிவாரத்தில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். பத்தாவது படிக்கும் என் மகள் நஸ்ரீனின் பெயர் எழுதிய சாக்கு நிரம்பிக் கிடந்தது. அவளைத்தான் காணவில்லை.

"சாக்கு வந்துட்டுது, புள்ள எங்க போவும்? டென்ஷன் ஆவாதம்மா," என்றார் செயலாளர்.

சாக்கை யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கோட்டைக் கதவைப் பூட்டும் நேரம். எப்போதும் குரங்குகள் நிறைந்திருக்கும் படிகளில் அன்று ஒன்றுகூட இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். சாக்கை நம்பி உட்கார்ந்திருந்தது என் தவறு. இப்போதெல்லாம் முகம் பார்த்து, பெயர் சொல்லித்தான் எண்ணுகிறேன்.

ஐந்தரைக்குக் காவலாளியின் கையைப் பிடித்து நொண்டிக்கொண்டே அவள் வந்தாள்.

"கால் பிசகிடுச்சும்மா. நம்ம சங்கத்து அக்கா ஒருத்தங்க, 'நீ உக்காரு, நான் சாக்கை வச்சுட்டு ஆள் கூட்டியாறேன்'னு வாங்கிட்டுப் போனாங்க. எங்க அவங்க?"

செயலாளர் தயங்கிச் சொன்னார்: "மேல ஏறுன பொம்பள ஆளு நீ ஒருத்திதாம்மா."